பதினோரு வருடம் பேசாத அண்ணனும் அப்பாவின் பதினாறாம் நாளும்

கேள்வி சுருக்கமாக இது. அப்பா தவறி ஒன்பது நாள் ஆகிறது. கடலூர் முதுநகரில் சொந்த வீடு. இரண்டு வருடம் டயாலிசிஸ், கடைசியில் ஜிப்மரில் உயிர் பிரிந்தது. கேட்டிருப்பவர் மகள், கல்யாணமாகி வில்லியனூரில் இருக்கிறார். அண்ணனோடு பதினோரு வருடமாகப் பேச்சில்லை. வீட்டு மாடியை அண்ணன் தன் பணத்தில் கட்டியபோது ஆரம்பித்த வாக்குவாதம், இவர் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமனாக அவர் வராததில் முடிந்தது. தம்பி துபாயில். அம்மா இருக்கிறார். சாவு வீட்டில் அண்ணன் "வா" என்று ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. இப்போது "பேங்க்ல ஒரு கையெழுத்து வேணுமாம்" என்று அண்ணி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். பேச்சை எப்படி ஆரம்பிப்பது, கையெழுத்துப் போடலாமா, இதுதான் கேள்வி.

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் கவிழ்கின்றன. பெற்றவர் போனதும் பிள்ளைகளைச் சேர வைப்பது துக்கம் மட்டுமல்ல, காகிதமும்தான். வாரிசுச் சான்றிதழில் எல்லார் பெயரும் வரவேண்டும், பேங்கில் எல்லார் கையெழுத்தும் வேண்டும், பட்டாவுக்கு எல்லாரும் வேண்டும். அதனால் அண்ணன் பேச வந்தால் "கையெழுத்துக்காக வர்றான்" என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் பேசப் போனால் "பங்கு கேட்க வர்றா" என்று அவருக்குத் தோன்றும். இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு பாசமாகப் பேசினாலும் ஏறாது. எனவே காரியம், காகிதம், பழைய மனக்கசப்பு மூன்றையும் மூன்று வேறு நாளில், மூன்று வேறு இடத்தில் வைத்துப் பேசுங்கள். வரிசையும் இதேதான்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள் என்றால் கருமாதிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இந்த ஒரு வாரம் உங்களுக்கு வசதியானது. பழையதைப் பேசாமலே சேர்ந்து செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கும் நாட்கள் இவை. முதல் போனை நீங்களே செய்யுங்கள். அண்ணி வழியாக வேண்டாம், உங்கள் வீட்டுக்காரர் வழியாக வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கண்டிப்பாக வேண்டாம். குழுவில் நீங்கள் போடுவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். பத்துப் பேர் முன்னால் இறங்கி வர அண்ணனால் முடியாது. போன் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், காரியத்தைப் பற்றி மட்டும் இருக்கட்டும்:

"அண்ணா, நான்தான் பேசுறேன். பதினாறாம் நாளுக்கு எங்க பக்கத்துலேர்ந்து என்னென்ன எடுத்துக்கிட்டு வரணும்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."

இந்தக் கேள்வி சும்மா மரியாதைக்கு அல்ல. கோடித் துணி யார் யாருக்கு எடுப்பது, உருமால் கட்டுவது எந்த வீட்டார், மகள் வீட்டிலிருந்து படையலுக்கு என்ன வரவேண்டும், இதெல்லாம் சாதிக்குச் சாதி, ஏன், முதுநகருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்குமே மாறும். கேட்காமல் நீங்களாக ஒன்றை எடுத்துப் போனால் "அவ இஷ்டத்துக்குச் செய்றா" என்றாகும். ஒன்றும் எடுக்காமல் போனால் அது வேறு கதை. கேட்டுவிட்டால், கொள்ளி வைத்த மூத்தவர் என்ற அவருடைய இடத்தை நீங்கள் ஒத்துக்கொண்டதாக அவருக்குப் புரியும். பெரும்பாலும் அவர் "அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அது போதும், இரண்டாவது போன் அவரிடமிருந்து வரவேண்டியதாகிவிட்டது. பதில் வரவில்லை என்றால் இரண்டு நாள் விட்டு அம்மாவிடம் கேட்டு எடுத்துப் போங்கள். அதைக் கணக்கில் எழுதி வைக்காதீர்கள்.

அடுத்தது பத்திரிகை. கருமாதிப் பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலி பேனரிலும் பெயர் விடுபட்டு முறிந்த உறவுகளுக்குக் கணக்கே இல்லை. மகன்கள், மருமகள்கள், மகள், மருமகன், பேரன் பேத்திகள் என்று வரும் வரிசையில் உங்கள் வீட்டுக்காரர் பெயரும், மஞ்சள் நீராட்டு நடந்த அந்தப் பெண்ணின் பெயரும் இருக்கிறதா என்பதை அச்சுக்குப் போகுமுன் தெரிந்துகொள்ளுங்கள். நேராக "எங்க பேரு போட்டீங்களா" என்று கேட்டால் சண்டை. "பேரப்பிள்ளைங்க பேருல எழுத்துப் பிழை வந்துடப் போகுது, நான் எழுதி அனுப்புறேன்" என்று இனிஷியலோடு எழுதி அனுப்பிவிடுங்கள். அச்சாகிவிட்டது, பெயர் இல்லை என்றால் அங்கே நின்று வழக்கு வேண்டாம். பேனரையோ வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தையோ கடையில் ஒரு மணி நேரத்தில் மாற்றித் தருவார்கள். தம்பியை விட்டுச் சொல்லச் செய்யுங்கள். துபாயிலிருந்து அவர் செய்ய முடிகிற உருப்படியான வேலை அது.

அம்மாவின் விஷயம் ஒன்று இருக்கிறது. இதை மகள்தான் எடுக்க முடியும். பதினைந்தாம் இரவோ பதினாறாம் நாளோ தாலி வாங்கும் சடங்கு உங்கள் வழக்கத்தில் உண்டென்றால், அம்மாவுக்கு அதில் சம்மதமா, எந்த அளவுக்கு, யார் யார் இருக்கலாம் என்பதை முன்கூட்டியே அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் சொன்னதை அண்ணனிடம் அப்படியே சொல்லுங்கள்: "அம்மா இப்படிச் சொல்லுது, நீ சொன்னா பெரியவங்க கேப்பாங்க." அன்றைக்கு உறவுக்காரக் கிழவிகள் முன்னால் நீங்கள் ஒருபக்கம், அண்ணி ஒருபக்கம் என்று இழுத்தால் அம்மாதான் நசுங்குவார். முன்பே பேசி வைத்தால், பதினோரு வருடத்துக்குப் பிறகு நீங்களும் அண்ணனும் ஒரே பக்கம் நின்ற முதல் சந்தர்ப்பம் அதுவாக இருக்கும்.

செலவுக்கு ஒரே நோட்டு. ஃப்ரீசர் பாக்ஸ், அமரர் ஊர்தி, பந்தல், சுடுகாட்டுச் செலவு, காடாத்து, கருமாதிச் சமையல், புரோகிதர் தட்சணை எல்லாம் இதுவரை அண்ணன்தான் கொடுத்திருப்பார். பதினாறாம் நாளுக்கு முன்பே ஒரு தொகையை அம்மா கையில் கொடுத்து, "அண்ணன்கிட்ட குடுங்க, நோட்டுல எழுதச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். நேராகக் கொடுத்தால் அவர் மறுப்பார். மறுத்ததை அண்ணி மறக்கமாட்டார். அன்று வரும் மொய்யை யார் வைத்துக்கொள்வது என்பதையும் முன்னமே தீர்மானியுங்கள். மொய் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்யவேண்டியவர் யாரோ அவரிடமே மொய் நோட்டு இருப்பதுதான் முறை. அது பெரும்பாலும் ஊரில் இருக்கும் அண்ணன்தான். அதில் பங்கு கேட்காதீர்கள்.

அப்பாவின் ஏடிஎம் அட்டையை யாரும் தொடக்கூடாது. "காரியச் செலவுக்குத்தானே" என்று எடுப்பார்கள். இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு ரூபாயும் பின்னால் பாஸ்புக்கில் தேதியோடு நிற்கும். மூன்று மாதம் கழித்து அதைப் பார்த்து இன்னொரு சண்டை வரும். ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்தத் தொகையையும் செலவு நோட்டிலேயே வரவாக எழுதிவிடச் சொல்லுங்கள்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சாவு வீட்டில் சொல்வதில்லை. அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்புவது கோபத்தாலா வழக்கத்தாலா என்று பிறகு யோசித்துக் குழம்புவார்கள். அதற்கு ஒரு சின்ன வழி: வில்லியனூர் வந்து சேர்ந்ததும் "வந்து சேர்ந்துட்டோம்" என்று அவருக்கு நேராக ஒரு மெசேஜ். அவ்வளவுதான்.

இனி காகிதம். கருமாதிக்கு முன்னால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், யாரையும் போடச் சொல்லாதீர்கள். பேங்க் எங்கேயும் ஓடிவிடாது. அண்ணிக்குச் சொல்லவேண்டிய பதில்: "போடுறேன் அண்ணி, காரியம் முடியட்டும். எந்த பேங்க், எந்த அக்கவுண்ட்னு மட்டும் அண்ணனை எழுதி அனுப்பச் சொல்லுங்க." மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை.

முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஜிப்மரில் நடந்ததால் அது புதுச்சேரிப் பதிவு. கடலூர் மாநகராட்சியில் போய் நின்றால் கிடைக்காது. அலைந்து திரும்பிய கோபத்தை வீட்டில் யார்மேலாவது காட்டுவார்கள். மருத்துவமனையில் நடந்த இறப்பைப் பதிவுக்கு அனுப்புவது மருத்துவமனையின் வேலை. வீட்டில் நடந்திருந்தால் 21 நாளுக்குள் குடும்பம் தெரிவிக்க வேண்டும். நீங்கள் வில்லியனூரில் இருப்பதால் இந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் கடலூரிலிருந்து ஒரு நாள் அலைச்சல் மிச்சம். பத்துப் பிரதி வாங்குங்கள். வாங்கும் இடத்திலேயே பெயர், இனிஷியல், தாத்தா பெயர், முகவரி எல்லாம் ஆதாரோடும் வீட்டுப் பத்திரத்தோடும் ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட அடுத்த எல்லா மேஜையிலும் நிற்கும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அப்பா குடியிருந்தது கடலூர் என்பதால் கடலூர் தாசில்தார் தருவார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாசில்தாருக்குப் போகும். அம்மா, மூன்று பிள்ளைகள் என நாலு பெயர் வரவேண்டும். பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்யாணமாகிப் போன மகள் ரேஷன் கார்டில் இல்லை என்பதால் "அவங்க தனிக் குடும்பம்" என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. வேண்டுமென்றே செய்வதைவிட அறியாமல் செய்வதே அதிகம் என்பது என் கணிப்பு. விண்ணப்பத்தை அண்ணனே போடட்டும். ஆனால் சமர்ப்பிக்கும் முன் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து மூவருக்கும் அனுப்புவது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் சந்தேகப்படுவதாகத் தோன்றாத ஏற்பாடு அது, தம்பியும் பார்ப்பாரே. இன்னொன்று, இந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்றுதான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்பதைச் சட்டம் சொல்கிறது. இந்துக் குடும்பம், அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. உங்கள் வீட்டில் நாலில் ஒன்று. பூர்வீகச் சொத்து என்றாலும் 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப் போலப் பங்காளிதான். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிவிட்டது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பது வீட்டு வாதம், சட்டத்தில் அது பங்கைக் குறைக்காது. அப்பா உயிரோடு இருக்கும்போதே யாருக்காவது தான செட்டில்மெண்ட் எழுதி வைத்திருக்கிறாரா என்பதை மட்டும் வில்லங்கச் சான்று (இ.சி.) போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ரகசியமாகப் பார்க்காதீர்கள். "நானும் ஒரு இ.சி. போட்டுப் பாத்தேண்ணா" என்று சொல்லிவிடுங்கள். பின்னால் தெரிந்தால் அதுவே குத்தமாகும்.

கடலூர்க் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமம். முஸ்லிம் குடும்பத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதியில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. புதுச்சேரியில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த மத வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களின் வழிவந்தவர்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தாது. உங்களுக்கு இது தேவையில்லை, வில்லியனூரில் அக்கம்பக்கத்தில் யாராவது உங்களைப் பார்த்து அதே கணக்கைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த பேங்க் கையெழுத்து. முதலில் கேட்கவேண்டியது "நாமினி யார்?" என்பதுதான். அம்மா நாமினி என்றால் உங்கள் கையெழுத்தே தேவையில்லை. அம்மா இறப்புச் சான்றிதழும் தன் அடையாள அட்டையும் கொடுத்து வாங்கிக்கொள்வார். எல்லாம் சரியாகக் கொடுத்தால் 15 நாளுக்குள் பேங்க் தீர்த்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் விதி. நாமினி என்பவர் பணத்தை வாங்கிவைக்கும் பொறுப்பாளர்தான், அதனாலேயே முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. நாமினி இல்லையென்றால் எல்லா வாரிசும் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் காகிதம் இப்படி இருந்தால் தாராளமாகப் போடுங்கள்:

"…… வங்கி, …… கிளை, சேமிப்புக் கணக்கு எண் …… இல் உள்ள தொகையை எங்கள் தாயாருக்கு வழங்க எனக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கடிதம் மேற்படி கணக்குக்கு மட்டுமே பொருந்தும். வேறு எந்த அசையும், அசையாச் சொத்துக்கும் பொருந்தாது."

கடைசி இரண்டு வாக்கியமும் முக்கியம். பேங்க் அச்சடித்த படிவம் தந்தால் அதில் கணக்கு எண் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள், வெற்றுப் படிவத்தில் வேண்டாம். அதேபோல, பத்திர எழுத்தர் அலுவலகத்தில் ஒரு காகிதம் நீட்டப்பட்டால் முதல் பக்கத்துத் தலைப்பைப் படியுங்கள். ஆட்சேபணையில்லாக் கடிதம் வேறு, விடுதலைப் பத்திரம் வேறு. விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை அடியோடு விட்டுவிட்டீர்கள் என்று பொருள். சார்பதிவாளர் முன்னால் விரல் ரேகை வைத்துப் பதிவானபின் மனம் மாறினால் திரும்பாது. பொது அதிகாரப் பத்திரம் என்றால் உங்கள் பெயரில் இன்னொருவர் விற்கவும் முடியும். அண்ணன் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. "சிஸ்டரும் ஒரு கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சது" என்று அவசரப்படுத்துவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் எழுத்தர்கள்தான்.

துபாய்த் தம்பி வரமுடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்று பெற்று அனுப்பலாம். இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். அதை உங்களுக்கோ அண்ணனுக்கோ கொடுக்காமல் அம்மா பெயருக்கோ தாய்மாமன் பெயருக்கோ கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் கையில் இரண்டு ஓட்டு சேர்வது நல்லதல்ல.

வீட்டுக் கணக்குதான் உங்கள் வீட்டில் நிஜமான முடிச்சு. மாடிக்கு அண்ணன் போட்ட பணத்துக்காக அவருக்கு மனையில் தனிப் பத்திர உரிமை எதுவும் வந்துவிடாது. ஆனால் பங்கு பிரிக்கும்போது அதைக் கணக்கில் எடுப்பதுதான் நியாயம். நீங்களே முதலில் ஒத்துக்கொண்டால் பாதிச் சண்டை கரையும். உதாரணத்துக்கு, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் மனை 30 லட்சம், கீழ்த்தளம் 10 லட்சம், மாடி 8 லட்சம் என்று தருகிறார் என வைப்போம். மாடியின் 8ஐ அண்ணனுக்கென்று ஒதுக்கினால் மீதி 40, நாலு பேருக்குப் பத்துப் பத்து. அண்ணனுக்கு 18, மற்றவர்களுக்கு 10. இதில் இரண்டு இடத்தில் தகராறு வரும். "நான் அன்னிக்குப் போட்ட பணத்துக்கு வட்டி" என்பார் அவர். "வாடகை இல்லாம இருந்தியே" என்பீர்கள் நீங்கள். ஒன்றுக்கு ஒன்று கழித்து இரண்டையும் விட்டுவிடுவதே நடைமுறையில் நிற்கிறது. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் குறையும், மனைதான் ஏறும். அதனால் அன்றைக்குச் செலவானதை விட இன்றைய மதிப்பைப் பிடித்துக்கொள்வது சுலபம். அரசு வழிகாட்டி மதிப்பை வைத்துப் பங்கு போடாதீர்கள், அது பத்திரச் செலவுக்கான எண்.

அண்ணனுக்கு உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது என்று முடிவானால், பணம் வாங்கிக்கொண்டாலும் சரி வாங்காவிட்டாலும் சரி, வாரிசுகளுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையிலிருந்து இதுதான் உச்சவரம்பு. வாங்கும் பணம் பேங்க் வழியாக வரட்டும், பத்திரத்தில் அந்தத் தொகை எழுதியிருக்கட்டும்.

ஆனால் இது எதையும் முதல் ஆறு மாதத்தில் செய்யாதீர்கள். வாரிசுச் சான்றிதழ், கூட்டுப் பட்டா, அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் இருந்தால் அது, இவற்றோடு நிறுத்துங்கள். கூட்டுப் பட்டாவில் நாலு பேரும் வந்துவிட்டால் யாருக்கும் அவசரமில்லை. முக்கியமாக, அம்மாவை எந்த விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள். அவருடைய நாலில் ஒன்று அவருக்குச் சோறு. "எல்லாத்தையும் புள்ளைங்களுக்கே குடுத்துட்டேன்" என்று சொல்லும் அம்மாக்கள், ஒரு வருடத்தில் மாதம் ஒரு வீடு என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைவதை இந்த ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் பராமரிக்க வேண்டும் என்ற ஷரத்தைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான், கவனிக்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். அம்மாவின் நகை அம்மாவுடையது. அப்பாவின் சொத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

அப்பா வைத்த கடன் இருந்தால் அதையும் அதே உட்காரலில் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கத்து நகைக் கடன், தெரிந்தவரிடம் பிராமிசரி நோட்டு எல்லாம். அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் கடனுக்குப் பொறுப்பு. அண்ணன் தன் கையிலிருந்து கட்டியது இருந்தால் ரசீதோடு அதுவும் நோட்டில் ஏறட்டும்.

இந்தக் கணக்கு உட்காரலுக்கு முதல் தடவை அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருங்கள், தம்பி வீடியோவில். அண்ணியையும் உங்கள் வீட்டுக்காரரையும் ஒதுக்குவதாகத் தோன்றக்கூடாது. முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிட்டு, முடிந்ததும் நோட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். காலை வேளை, இரண்டு மணி நேரம். சாப்பாட்டு நேரம் வந்தால் கணக்கை மூடிவிட்டுச் சாப்பிட வேண்டும். நடுவர் வேண்டும் என்றால் தாய்மாமன். பெரியப்பா, சித்தப்பா வேண்டாம், அவர்கள் பங்காளிகள், அவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும். இரண்டு பக்கச் சம்பந்தியும் கூடவே கூடாது.

உட்கார்ந்தும் தீரவில்லை என்றால் நேராக வழக்குக்குப் போகாமல் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனாலேயே ஒத்துக்கொள்ளும் முன் ஒரு இரவு யோசியுங்கள்.

மூன்றாவது, பழைய மனக்கசப்பு. இதற்கு வீடு சரியான இடம் அல்ல. அந்த மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே மாடியைப் பற்றி எப்படி அமைதியாகப் பேசுவது? எதிரெதிரே உட்காருவதை விடப் பக்கத்தில் நடப்பது நம் ஆண்களுக்குச் சுலபம். சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை, இல்லை அமாவாசைக்குத் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரையில் தர்ப்பணம் முடிந்தபின் படித்துறையில் கால்மணி நேரம். திருக்காஞ்சி உங்கள் வில்லியனூர்ப் பக்கம்தான், நீங்கள் கூப்பிட அது ஒரு சாக்கு.

முதலில் அவருடைய பதினோரு வருடத்தைச் சொல்லுங்கள். இரண்டு வருட டயாலிசிஸ் என்றால் எத்தனை விடியற்காலை பஸ், எத்தனை முறை ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் சீட்டுக்கு வரிசை, எத்தனை இரவு வராண்டாவில் துண்டு விரித்துப் படுக்கை என்று உங்களுக்குத் தெரியும். "அப்பாவ நீதான்ணா பாத்துக்கிட்ட, நான் வந்து பாத்துட்டுப் போனவதான்" என்று ஒரு வாக்கியம். அது உண்மையாகவும் இருப்பதால் சொல்லலாம். அதற்குப் பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள், ஒரே ஒரு சம்பவத்தை மட்டும்: "பாப்பா சடங்குக்குத் தாய்மாமன் இல்லாம சபையில நின்னது எனக்கு இன்னும் ஆறல." மாடி, நகை, அண்ணி சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் கூடவே இறக்கினால் அவர் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சுலபமானதற்குப் பதில் சொல்லி எழுந்துவிடுவார்.

அவர் "மன்னிச்சுக்கோ" என்று சொல்லமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அண்ணன்கள் துறைமுகத்தில் வஞ்சிரம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு கிலோ வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள், மன்னிப்பு அதற்குள்தான் இருக்கும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள். ஆனாலும் ஒன்றுக்கு மீன் போதாது: உங்கள் மகள். அவளிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நாளைக்கு அவள் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நிற்கப் போகிறவர் அவர்தான், இரண்டு பேருக்கும் அது தெரியும்.

நீங்கள் எதிர்பார்ப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் இருந்த மாதிரி ஆகாது. போன் எடுத்தால் பேசுவது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகச் சொல்வது, நல்லது கெட்டதுக்கு நிற்பது, இந்த அளவு வந்தால் நன்றாகவே வந்திருக்கிறது என்று அர்த்தம். அடித்தது, மிரட்டியது, அதைவிட மோசமானது இருந்த உறவென்றால் இதில் எதுவுமே பொருந்தாது. அங்கே வக்கீல் மூலம் காகிதத்தை மட்டும் முடித்துக்கொண்டு தள்ளி இருப்பதில் தப்பே இல்லை.

சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி முறியும் இடம் முதல் வருடத் திதி. திதி ஆங்கிலத் தேதிப்படி வராது, தமிழ் மாதமும் பட்சமும் பார்த்து வருவதால் பத்து இருபது நாள்கூட முன்பின் ஆகும். அண்ணன் தன் புரோகிதரைக் கேட்டு ஒரு நாள் குறித்திருப்பார், உங்களுக்கு வேறு நாள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், தம்பி இன்னொரு தேதிக்கு டிக்கெட் போட்டிருப்பார். இறந்த நேரத்துத் திதியைப் பஞ்சாங்கத்தில் இப்போதே பார்த்து, அடுத்த வருடம் எந்தத் தேதியில் வரும் என்று ஒரே ஒருவரிடம் கேட்டு, அண்ணன் கையால் எழுதி மூவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். தம்பி லீவுக்கு எழுதிப்போட அவகாசம் வேண்டும்.